இதய வால்வுக் கோளாறும் உயர் இரத்த அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வுக் கோளாறு உள்ளவரின் இரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய தேவை என்ன? எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரைதானே அவருக்கும்?

மாத்திரைகள் பெரும்பாலும் அவையேதான். எதை முதலில் தொடங்குவது, எவ்வளவு மெதுவாக ஏற்றுவது, எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பவைதாம் வேறுபடுகின்றன. கையில் பட்டை கட்டி அளக்கும் எண், இரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டுமே சொல்கிறது. இதயத்தின் நான்கு வால்வுகளும் சரியாகத் திறந்து மூடும்வரை, அந்த எண்ணை வைத்தே இதயம் சுமக்கும் பாரத்தையும் ஊகித்துவிடலாம். ஒரு வால்வு சுருங்கிவிட்டாலோ கசியத் தொடங்கிவிட்டாலோ அந்த ஊகம் பொய்த்துப்போகிறது. 150/90 என்ற ஒரே எண் அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவருக்கு ஒரு பொருளையும், இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிபவருக்கு வேறொரு பொருளையும் தரும்.

ஆகவே மருந்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்பாக மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்: பழுதானது எந்த வால்வு, அதில் இருப்பது சுருக்கமா கசிவா, அதன் அளவு லேசானதா நடுத்தரமா கடுமையா. இம்மூன்றும் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) அறிக்கையின் கடைசிப் பத்தியிலேயே எழுதப்பட்டிருக்கும். பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர்கூடத் தமக்கு “வால்வில் ஏதோ பிரச்சினை” என்று மட்டும் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அந்த “ஏதோ” என்பதில்தான் சிகிச்சை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் இதயத்துக்கு என்ன ஆகும்?

இடது கீழறை சுருங்கி இரத்தத்தை மகாதமனிக்குள் (உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய்) தள்ளும் வாசல்தான் அயோர்ட்டிக் வால்வு. அந்த வாசல் குறுகினால், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் இரத்தம் வெளியேற முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எக்கோ அறிக்கை ‘கிரேடியன்ட்’ என்று குறிப்பிடுகிறது. கையில் அளந்த மேல் அழுத்தம் 160, வால்வின் குறுக்கே உள்ள வித்தியாசம் 50 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை ஏறக்குறைய 210 மி.மீ. பாதரச அழுத்தத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. கைப்பட்டை காட்டுவது 160 மட்டுமே. மீதி 50 எந்த வீட்டுக் கருவியிலும் தெரியாது.

இதை இரட்டைச் சுமை என்று சொல்வது பொருத்தமானது. ஒரு சுமை வால்வில் இருக்கிறது. மற்றொன்று, விறைத்துப்போன இரத்தக் குழாய்களில் இருக்கிறது. வால்வின் சுமையை மாத்திரையால் இறக்க முடியாது. அதற்கு வால்வை மாற்றுவது ஒன்றே வழி. குழாய்களின் சுமையை மாத்திரையால் இறக்க முடியும். அதைச் செய்யாமல் விட்டால் இதயத் தசை தடித்து, விறைத்து, வால்வை மாற்றிய பிறகும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாத அளவுக்குப் போய்விடக்கூடும்.

வால்வு சுருங்கியவருக்கு இரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை கொடுக்கவே கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறோமே?

பல தலைமுறை மருத்துவர்கள் அப்படித்தான் படித்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. குறுகிய வாசல் வழியாக இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு மாறாதது. அப்படியிருக்க வெளியே குழாய்களை விரித்துவிட்டால், அவற்றை நிரப்பக் கூடுதல் இரத்தம் வராது, அழுத்தம் சரிந்து நோயாளி மயங்கி விழுவார் என்பதே அது. இந்த அச்சத்தினாலேயே 180 வரை அழுத்தம் ஏறியவர்களைக்கூடத் தொடாமல் விட்டுவிட்ட காலம் உண்டு.

வெளியேறும் இரத்தத்தின் அளவு முற்றிலும் மாறாதது என்ற அனுமானம் சரியல்ல என்பது பின்னர் தெரியவந்தது. கடுமையான சுருக்கத்தோடு இதயமும் பலவீனமாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு, கண்காணிப்போடு நைட்ரோபுருசைடு என்ற வலிமையான குழாய்விரிப்பு மருந்து கொடுக்கப்பட்டபோது இதயத்தின் செயல்பாடு மேம்பட்டது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், அறிகுறிகள் இல்லாத சுருக்க நோயாளிகள் ரமிப்ரில் மாத்திரையைச் சிக்கலின்றித் தாங்கிக்கொண்டார்கள். தடித்திருந்த இதயத் தசையும் சற்றே குறைந்தது. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2020-இல் வெளியிட்ட வால்வு நோய் வழிகாட்டுதல், அறிகுறி இல்லாத அயோர்ட்டிக் சுருக்கத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை அளித்தே தீர வேண்டும் என்றும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்றும் கூறுகிறது.

பழைய எச்சரிக்கையில் இன்னும் உயிருள்ள பகுதி எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், மூச்சிரைப்பு என்று அறிகுறிகள் வந்துவிட்ட கடுமையான சுருக்கத்தில், அழுத்தத்தை அவசரமாகக் குறைப்பது இன்றும் ஆபத்தானதே. அவருக்கு முதலில் தேவைப்படுவது வால்வை மாற்றுவது பற்றிய முடிவு. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை, நெஞ்சு வலிக்கிறதே என்று அவர் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர் பிரியும் மாத்திரைகளிலும் அதே கவனம் வேண்டும். தடித்துச் சிறுத்துப்போன இடது கீழறை நன்றாக நிரம்பினால்தான் போதிய இரத்தத்தை வெளியே தள்ளும். நீரை அளவுக்கு மீறி வெளியேற்றினால் நிரம்புவதற்கே ஒன்றும் இராது.

அப்படியானால் எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்?

பொதுவான உயர் இரத்த அழுத்தத்தில் இன்று 130/80-க்குக் கீழே கொண்டுவர முயல்கிறார்கள். அயோர்ட்டிக் சுருக்கத்தில் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதற்கு ஆதரவான சான்று வலுவாக இல்லை. லேசான, நடுத்தரமான சுருக்கம் கொண்ட ஏறத்தாழ 1,800 பேரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை 2016-இல் மீண்டும் அலசிப் பார்த்தபோது, மேல் அழுத்தம் 130 முதல் 139 வரையும் கீழ் அழுத்தம் 70 முதல் 90 வரையும் இருந்தவர்களே நலமாக இருந்தார்கள். இது கூர்ந்து நோக்கிப் பெற்ற முடிவே; அழுத்தத்தை மருந்தால் அந்த அளவில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்த முடிவு அன்று. குறைந்த அழுத்தம் இருந்தவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருந்திருக்கவும் கூடும். எனினும் 130-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வதும், கீழ் அழுத்தம் 70-க்குக் கீழே சரியாமல் பார்த்துக்கொள்வதும் நியாயமான இலக்கு என்றே தோன்றுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் பெரும்பாலும் நிரம்புவது அந்தக் கீழ் அழுத்தத்தால்தான்.

அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக 160 இருந்தது. வால்வுச் சுருக்கம் இருக்கிறது. இப்போது மாத்திரையைக் கூட்டாமலேயே 110-க்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி அடையலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே அதிகக் கவலை தரக்கூடியது இதுதான். அயோர்ட்டிக் சுருக்கம் முற்றி, இடது கீழறை களைத்துப்போகும்போது வெளியேறும் இரத்தத்தின் அளவு குறைகிறது. அதனால் அழுத்தமும் குறைகிறது. எண் மட்டும் அழகாகிறது, இதயம் தளர்கிறது. வீட்டில் உள்ளவர்கள் “பி.பி. நார்மல் ஆகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிடுவதும், முன்பு இரண்டு மாடி ஏறியவர் இப்போது ஒரு மாடியிலேயே நின்று மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடுவதும் வழக்கமாக நடப்பவை. காரணமில்லாமல் அழுத்தம் இறங்கினால் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்து, எக்கோவை மீண்டும் எடுக்க வேண்டும்.

காரணம் எளிதாக இருப்பதும் உண்டு: புதிதாகத் தொடங்கிய புராஸ்டேட் மாத்திரை, வயிற்றுப்போக்கினால் நீர் குறைந்தது, இரண்டு மருத்துவர்கள் ஒரே வகை மருந்தை வெவ்வேறு வணிகப் பெயர்களில் எழுதிக் கொடுத்தது போன்றவை. எதுவானாலும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

எனக்கு அயோர்ட்டிக் வால்வில் கசிவு. அழுத்தம் 160/50 என்று வருகிறது. கருவி பழுதா?

கருவி சரியாகத்தான் சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி மூடாத வால்வு வழியாக உள்ளேயே திரும்பி வருகிறது. அடுத்த துடிப்பில் இதயம் வழக்கமான அளவோடு திரும்பி வந்ததையும் சேர்த்துத் தள்ளுகிறது. மேல் எண் ஏறுகிறது. துடிப்புகளுக்கு இடையில் மகாதமனியிலிருந்து இரத்தம் பின்னோக்கி ஒழுகிவிடுவதால் கீழ் எண் விழுகிறது. கடுமையான கசிவு உள்ளவரின் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தால், நாடி விரல்களைத் தட்டிவிட்டுச் சட்டென்று மறைவதை உணரலாம். 1832-இல் டப்ளின் மருத்துவர் கொரிகன் விவரித்த இந்த நாடி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இங்கே சிகிச்சையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கசிவு நடப்பது இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில். துடிப்பு மெதுவானால் அந்த ஓய்வு நேரம் நீள்கிறது. கசியும் இரத்தமும் கூடுகிறது. எனவே துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், வேறு காரணம் இல்லாதவரை, இவருக்கு முதல் தேர்வாக இருப்பதில்லை. ரமிப்ரில், எனலாப்ரில் வகையோ, லோசார்டன், டெல்மிசார்டன் வகையோ, அம்லோடிபின் போன்ற குழாய்விரிப்பானோ பொருந்தும். மேல் அழுத்தம் 140-க்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 160/50-ஐ 120-க்கு இறக்க முயன்றால் கீழ் எண்ணும் சேர்ந்து இறங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மேல் எண்ணில் ஒரு பகுதி வால்வின் வேலை. எத்தனை மாத்திரை சேர்த்தாலும் அது போகாது.

அழுத்தம் இயல்பாக இருந்தும், இந்த மாத்திரைகளைக் கொடுத்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 1994-இல் வந்த ஆய்வு நிஃபெடிபின் அப்படித் தள்ளிப்போடுகிறது என்றது. 2005-இல் வந்த ஆய்வு நிஃபெடிபினாலோ எனலாப்ரிலாலோ அந்தப் பயன் இல்லை என்றது. இன்று அழுத்தம் உயர்ந்திருந்தால் அதற்காகக் கொடுக்கிறார்கள். கசிவைக் குணப்படுத்த என்று கொடுப்பதில்லை.

மைட்ரல் வால்வுக் கசிவு சென்ற முறை “நடுத்தரம்”, இந்த முறை “கடுமை” என்று எக்கோவில் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் இவ்வளவு மோசமாகுமா?

ஆகலாம், ஆனால் முதலில் கேட்க வேண்டியது, எக்கோ எடுத்த நேரத்தில் இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதே. மைட்ரல் வால்வு கசியும்போது இடது கீழறைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: முன்னே மகாதமனி, பின்னே இடது மேலறை. முன்வழியில் எதிர்ப்பு கூடினால் இரத்தம் பின்வழியை நாடுகிறது. காலை மாத்திரையைச் சாப்பிடாமல், படியேறி வந்து, 180 அழுத்தத்தோடு எக்கோ மேசையில் படுத்தவருக்குக் கசிவு பெரிதாகத்தான் தெரியும். அதே ஆள் மாத்திரை சாப்பிட்டு, 130 அழுத்தத்தோடு வந்து படுத்தால் கசிவு ஒரு படி குறைவாகத் தெரியக்கூடும். அறுவை அரங்கில் மயக்க மருந்தின்கீழ் எடுக்கும் எக்கோவில் கசிவு சிறியதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

அயோர்ட்டிக் சுருக்கத்தில் இதற்கு நேர்மாறான குழப்பம் ஏற்படுவது உண்டு. அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போது வால்வின் குறுக்கே செல்லும் இரத்தத்தின் அளவு குறைந்து, வித்தியாசம் உண்மையைவிடச் சிறியதாகப் பதிவாகலாம். கடுமையான சுருக்கம் நடுத்தரமானதாகத் தோற்றம் தரலாம். ஆகவே எக்கோ அறிக்கையில் அன்றைய இரத்த அழுத்தமும் எழுதப்பட வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேறு விதமாகச் சொல்லப்படாதவரை அன்றைய மாத்திரையை நிறுத்தவும் தேவையில்லை. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவுக்கு மட்டும் பட்டினி வேண்டும்.

மைட்ரல் கசிவில் அழுத்தத்தைக் குறைப்பது கசிவையும் குறைக்கும் என்பதால், இங்கே தயக்கத்துக்கு இடமில்லை. இதயம் வீங்கிப் பலவீனமானதன் விளைவாக வால்வு கசிந்தால், இதயத் தளர்ச்சிக்கான மருந்துகளே (பீட்டா பிளாக்கர்களும் ஸ்பைரனோலாக்டோனும் உட்பட) அழுத்தம், கசிவு இரண்டையும் சேர்த்துக் கவனிக்கின்றன.

மைட்ரல் வால்வுச் சுருக்கத்தில்?

இங்கே அழுத்தத்தைவிட நாடித்துடிப்பே முக்கியம். வாதக் காய்ச்சலின் பின்விளைவாகச் சுருங்கிய மைட்ரல் வால்வு வழியாக இரத்தம் கீழறைக்குள் இறங்குவதற்கு நேரம் வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு முழுதாக ஒரு விநாடி கிடைக்கிறது. 120 என்றால் அரை விநாடிதான். இந்த இழப்பில் பெரும்பங்கு இரத்தம் நிரம்பும் நேரத்திலிருந்தே போகிறது. நிரம்பாத இரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கிறது. எனவே துடிப்பை அதிகரிக்கக்கூடிய நிஃபெடிபின் போன்ற, வேகமாகச் செயல்படும் குழாய்விரிப்பான்களைத் தனியாகக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. அயோர்ட்டிக் கசிவில் தவிர்க்கச் சொன்ன பீட்டா பிளாக்கர் இங்கே உற்ற நண்பன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட “வால்வு மாத்திரை” நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கையில் 120/80 இருக்கிறது. ஆனால் எக்கோவில் “நுரையீரல் அழுத்தம் 60, உயர் அழுத்தம்” என்று எழுதியிருக்கிறார்கள். பி.பி. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அழுத்தங்கள். கையில் அளப்பது இடது பக்க இதயம் உடலுக்கு அனுப்பும் இரத்தத்தின் அழுத்தம். எக்கோ குறிப்பிடுவது வலது பக்க இதயம் நுரையீரலுக்கு அனுப்பும் இரத்தத்தின் அழுத்தம். மைட்ரல் வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ தேக்கம் பின்னோக்கி நுரையீரல் வரை போய், இந்த இரண்டாவது அழுத்தத்தை உயர்த்துகிறது. அதற்கான தீர்வு வால்வைச் சரிசெய்வதும், தேங்கிய நீரை வெளியேற்றுவதுமே. கையில் உள்ள அழுத்தத்தை இறக்கினால் நுரையீரல் அழுத்தம் இறங்கிவிடாது.

பிறவியிலேயே அயோர்ட்டிக் வால்வில் இரண்டு இதழ்கள்தாம் என்றார்கள். வயது 28. இப்போதே அழுத்தம் 150. என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடலாம். தமிழில் ‘ஈரிதழ் வால்வு’ என்று பாடநூல்கள் சொல்வது, எல்லோருக்கும் இயல்பாகவே இரண்டு இதழ்கள் கொண்ட மைட்ரல் வால்வை. மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய அயோர்ட்டிக் வால்வு இரண்டோடு அமைந்துவிடுவது வேறு. அது நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கும் பிறவி அமைப்பு.

இவர்களில் சிலருக்கு மகாதமனியில் ஒரு குறுகலும் சேர்ந்தே இருக்கும். கைக்குப் போகும் கிளைகளுக்கு அப்பால் அந்தக் குறுகல் இருப்பதால், கையில் அழுத்தம் உயர்ந்தும் காலில் தாழ்ந்தும் காணப்படும். 28 வயதில் 150 என்றால், மாத்திரை எழுதுவதற்கு முன் காலிலும் அழுத்தம் அளக்கப்பட்டதா, தொடை இடுக்கில் நாடி தொட்டுப் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்; பல ஆண்டுகள் தவறவிடப்படுவதும் இதுதான்.

அடுத்தது மகாதமனியின் அகலம். இந்த அமைப்பு உள்ளவர்களுக்கு வால்வுக்கு மேலே மகாதமனி மெல்ல விரிவடையலாம். விரிந்த குழாயின் சுவரை உயர் அழுத்தம் இன்னும் இழுக்கும்; எனவே இவர்களுக்கு அழுத்தக் கட்டுப்பாடு சற்றுக் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். அகலம் 5.5 செ.மீ.-ஐ எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. கூடுதல் ஆபத்துக் காரணிகள் இருந்தால் 5 செ.மீ.-இலேயே. மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்குவது அந்தக் கணத்தில் அழுத்தத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால் அதை விட்டுவிடுவது நல்லது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பது உகந்தது.

வீட்டில் எப்படி அளப்பது?

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, மேற்கையில் கட்டும் கருவியால் அளக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தால் எண் ஏறும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று ஏழு நாட்கள் எழுதி வைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். 135/85-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது.

வால்வு நோயாளிகள் இதோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளப்பது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், தலைசுற்றல் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, நாடி ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்கள் ஒரே அளவீட்டை நம்பாமல் மூன்று முறை அளந்து சராசரி காண்பது. மைட்ரல் வால்வு நோயில் இந்தத் துடிப்புக் கோளாறு சாதாரணம். ஒவ்வொரு துடிப்பின் வலிமையும் மாறுவதால் கருவி ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டுவதில் வியப்பில்லை.

மாத்திரை தொடங்கிய பிறகு கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது. மாத்திரையாலா, இதயத்தாலா?

இரண்டாலும் வரக்கூடும் என்பதுதான் சிக்கல். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். இதயத் தளர்ச்சியும் வீங்க வைக்கும். ரமிப்ரில், எனலாப்ரில் வகை வறட்டு இருமலைக் கொண்டுவரும். நுரையீரலில் நீர் கோப்பதும் இருமலைக் கொண்டுவரும். உடல் எடை சில நாட்களில் இரண்டு கிலோ ஏறியிருந்தால், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்க வேண்டியிருந்தால், இரவில் மூச்சு முட்டி எழுந்தால் இதயத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எடை மாறாமல், மூச்சுக்குக் குறையில்லாமல், மாலையில் மட்டும் கணுக்கால் வீங்கிக் காலையில் வடிந்தால் மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். எப்படியானாலும் தாமாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

செயற்கை வால்வு பொருத்தி, வார்ஃபரின் சாப்பிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. கட்டுப்படாத உயர் அழுத்தம் மூளையின் சிறு குழாய்களைப் பலவீனமாக்குகிறது. இரண்டும் ஒரே உடலில் சேரும்போது மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை மாதந்தோறும் சரிபார்ப்பவர்களில் பலர் இரத்த அழுத்தத்தை அதே அக்கறையோடு பார்ப்பதில்லை. உலோக வால்வு உள்ளவருக்கு அயோர்ட்டிக் இடத்தில் 2.5-ஐ ஒட்டியும், மைட்ரல் இடத்தில் 3-ஐ ஒட்டியும் அந்த எண் இருக்குமாறு பார்ப்பது பொதுவான நடைமுறை.

வலி மாத்திரைகளில் மிகுந்த கவனம் வேண்டும். மூட்டு வலிக்காக வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை மூன்று கெடுதல்களைச் சேர்த்தே செய்கின்றன: உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன, வயிற்றில் இரத்தக் கசிவைத் தூண்டுகின்றன, சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறைய எடுத்துக்கொள்வது அழுத்தத்தை ஏற்றுவதோடு பொட்டாசியத்தையும் குறைக்கும். டிஜாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவருக்கு அது வேண்டாத வினை.

வால்வை மாற்றிய பிறகு அழுத்தம் ஏறிவிட்டதே, அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?

அயோர்ட்டிக் சுருக்கம் நீங்கியவர்களுக்கு இது எதிர்பார்க்கத்தக்கதே. அடைத்திருந்த வாசல் திறந்ததும் இதயம் தாராளமாக இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதுவரை மறைந்திருந்த உயர் அழுத்தம் வெளியே தெரிகிறது. 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதன்முதலாகச் செய்துகாட்டிய, தொடைக் குழாய் வழியாக வால்வு பொருத்தும் முறையிலும் இதுவே காணப்படுகிறது. இனி வால்வு தடையாக இல்லாததால் மாத்திரைகளை வழக்கமான முறையில் ஏற்றலாம். முன்பு பயந்து பயந்து கொடுத்த மருந்துகளை இப்போது துணிந்து கொடுக்க முடிகிறது.

உப்பு, உடற்பயிற்சி?

உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பை, ஸ்பைரனோலாக்டோன், ரமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் குறை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. லேசான வால்வுக் கோளாறில் நடைப்பயிற்சிக்குத் தடையில்லை. கடுமையான அயோர்ட்டிக் சுருக்கத்தில் எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கருத்தரிக்கத் திட்டமிடுகிறேன்.

மாத்திரைச் சீட்டோடு முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ரமிப்ரில், எனலாப்ரில் வகையும் லோசார்டன், டெல்மிசார்டன் வகையும் கருவுக்குக் கேடு செய்யும்; லபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். மைட்ரல் சுருக்கம் உள்ளவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பது மேலே சொன்ன துடிப்புக் கணக்கைப் பொறுத்தது. வார்ஃபரின் சாப்பிடுபவர் இதயவியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்த்தே ஆலோசிக்க வேண்டும்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

அழுத்தம் 180/120-ஐத் தாண்டி அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால். வால்வுச் சுருக்கம் உள்ளவர் மயங்கி விழுந்தால், உடனே தெளிந்துவிட்டாலும். மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி திடீரென்று எழுந்தால். விரிந்த மகாதமனி உள்ளவருக்கு அது சுவர் கிழிவதாகவே இருக்கலாம். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இதுவரை அறியாத கடும் தலைவலி வந்தால். அழுத்தம் வழக்கத்தைவிடச் சரிந்து, கை கால் சில்லிட்டு வியர்த்தால். இவற்றில் எதற்கும் வீட்டில் கூடுதல் மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

அவசரமில்லாத நேரத்தில் போகும்போது, கடைசி இரண்டு எக்கோ அறிக்கைகளையும், ஏழு நாள் அழுத்தம் எழுதிய தாளையும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அட்டையில் பாதி கிழிந்து பெயர் போயிருந்தால், பெயர் உள்ள பகுதி கடைசியாகத் தீருமாறு இனி வேறு முனையிலிருந்து கிழியுங்கள்.